ரயில் பக்கத்து நட்டு

மழை இல்லாத நாளிலும் மூடிக்கிடந்த அந்தப் பொம்மை ஷெட்டுக்குள் தண்ணீருக்கு அடியில் நிற்பது போலத்தான் இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் ஓட்டைகள் வழியாக வெளிச்சம் கயிறு கயிறாக இறங்கும். தரை, சுவர், சன்னல் கம்பி, கூரைக்கடியில் குடியிருந்த புறாக்களின் முதுகு எல்லாவற்றிலும் வெள்ளை மண்தூசி. நடந்தால் தூசி எழும். எழுந்தது உடனே விழாது. எங்கே போவது என்று யோசிப்பது போல வெளிச்சத்தில் நிற்கும். ஜங்ஷன் பக்கத்திலேயே இருந்ததால் ஒலிபெருக்கியில் வண்டிகளை அறிவிக்கும் பெண்குரல் அவ்வப்போது உள்ளே வரும். திருச்சி, மதுரை, சென்னை. ஒவ்வொரு அறிவிப்புக்கும் வெளிச்சக் கயிறுகள் தரையில் கொஞ்சம் நகர்கின்றன என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. கவனித்துப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

ஷெட்டின் நடுவில் பக்மில் நின்றது. களிமண் பிசையும் மிஷின் அது. மேலே வாய், உள்ளே சுழலும் கத்திகள், முன்னால் ஒரு மூக்கு. வாயில் மண்ணைப் போட்டால் மூக்கு வழியாகப் பதமான மண் உருளையாக வரும். வார்ப்பிரும்பாலான நான்கு கால்கள். ஒவ்வொரு காலின் அடியிலும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு ஒரு காது. அந்தக் காதின் துளை வழியாகத் தரையிலிருந்து ஒரு போல்ட்டு மேலே வந்து, நட்டு போட்டு இறுக்கப்பட்டிருந்தது. அந்த நான்கு நட்டுகளையும் கழற்ற வேண்டும். திங்கட்கிழமை காலைக்குள்.

மிஷின் என் அண்ணிக்கு. அண்ணி பானுமதி கல்யாணமாகி வந்த புதிதிலேயே அந்த ஷெட்டில் பொம்மை வேலைக்குச் சேர்ந்தவள். ஷெட்டை மூடிய பிறகு வீட்டின் பின்புறத்தில் தானே பொம்மை செய்யத் தொடங்கினாள். பிள்ளையார், கிளி, விளக்கேந்திய பெண். சூளைக்குக் கொடுத்துச் சுட்டு வாங்கிக் கடைகளுக்குப் போடுவாள். மண்ணை மிதித்துப் பிசைவதும் கையால் அடித்துப் பிசைவதும் அவள்தான். அந்த வருடம் அவளுடைய வலது தோள் போய்விட்டது. சேலையை மேலே போடக்கூட இடது கை வந்து உதவ வேண்டியிருந்தது. இனி மண் பிசையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிசையாமல் பொம்மை இல்லை. திருப்பூரில் இருந்த அவளுடைய சித்தி மகள், பனியன் கம்பெனியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை இருக்கிறது, வா என்று நான் வேலை பார்த்த எஸ்டிடி பூத்துக்கு இரண்டு தடவை போன் செய்துவிட்டாள். லாரியோடு வடக்கே போயிருந்த அண்ணன் கோகுலும் அதையே சொன்னான். "உங்களுக்கு இஷ்டமா?" என்று அண்ணியைக் கேட்டேன். அவள் அரைகுறையாக நின்ற ஒரு கிளியின் மூக்கை விரலால் நிமிர்த்திக்கொண்டிருந்தாள். "அங்க போயி நான் எதுக்கு மூக்கு வைக்கறது?" என்றாள்.

ஷெட்டின் பழைய முதலாளி இடத்தை விற்றுவிட்டார். இத்தனை வருடம் பழகினவள் என்பதால், பக்மில்லை எடுத்துக்கொண்டு போ என்று அண்ணியிடம் சொல்லிவிட்டார். மற்ற இரும்பெல்லாம் தனக்கோடிக்கு. பழைய இரும்பு வியாபாரி. திங்கட்கிழமை ஜேசிபி வந்து ஷெட்டை இடிக்கும். வியாழக்கிழமை காலையில் நாங்கள் போனபோது, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இதோ பாரும்மா, பேச்சு பேச்சா இருக்கணும்," என்றார். "தரையவுட்டு தனியா வந்தா உன்னுது. தரையோட ஒட்டிக்கினு இருந்தா என்னுது. திங்கக்கெழம வரைக்கும் நான் தொடமாட்டேன்."

"சரிங்க," என்றாள் அண்ணி.

"அப்பறம் வந்து அழக்கூடாது."

"அழுவறதா இருந்தா எங்க வூட்ல அழுதுக்கறேன். நீங்க டீய குடிங்க, ஆறிடப்போவுது."

நான் பகலில் ஜங்ஷன் எதிரில் இருந்த அந்த பூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்போன் வந்து பூத்துக்குக் கூட்டம் குறைந்துகொண்டிருந்த காலம். மாலையில் இயந்திரப் பராமரிப்பு வகுப்புக்குப் போவேன். சேர்ந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. வகுப்பில் எல்லாம் புரிவது போல இருக்கும். வீட்டுக்கு வந்து அன்றன்றைக்கு எழுதும்போதுதான் எது புரியவில்லை என்று தெரியும். "நம்ம வூட்லயே ஒரு மெக்கானிக் இருக்குது," என்று அண்ணி தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் வேறு தெருவில் திரும்பிவிடுவேன்.

முதல் வேலையாக நான்கு போல்ட்டுகளுக்கும் பெயர் வைத்தேன். பெயர் இல்லாவிட்டால் எதற்கு என்ன செய்தோம் என்று குழம்பிவிடும். எங்கள் ஊர்ப் பழமலைநாதர் கோயிலின் கோபுரம் இருக்கும் திசையில் இருந்தது கோயில் பக்கம். தண்டவாளத்தைப் பார்த்திருந்தது ரயில் பக்கம். மற்ற இரண்டும் கிணற்றுப் பக்கம், வாசல் பக்கம். சாக்பீஸால் தரையில் எழுதினேன். வெள்ளைத் தரையில் வெள்ளை எழுத்து தெரியவில்லை. செங்கல் துண்டால் மறுபடி எழுதினேன்.

உதவிக்கு வந்தது ராஜாங்கம் அண்ணன். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், என் அண்ணனோடு படித்தவர். குந்தி உட்கார்ந்து நான்கையும் சுற்றிப் பார்த்தார். நட்டுகள் காதுகளின் குழிக்குள் பாதி புதைந்திருந்தன. குழி முழுக்க வருடக்கணக்காக வழிந்து காய்ந்த களிமண். அதற்கு மேல் துரு. மண்ணும் துருவும் சேர்ந்து ஒரே கட்டியாக, எது இரும்பு எது மண் என்று தெரியாமல் இருந்தது.

"ஏண்ணே, ஆக்ஸா பிளேடு வச்சி அறுத்துட்டா?" என்று அண்ணி கேட்டாள்.

"பிளேடு உள்ள போவ எடமே இல்லியே தங்கச்சி. டிரில்லு போடலாம்னா கரண்ட புடுங்கிட்டாங்க. உளி வச்சி அடிச்சா காது தெறிச்சிடும், இது காஸ்டிங்கு. பீங்கான் மாதிரிதான். அடி தாங்காது." ஸ்பேனரை மாட்டி, அதன் வாலில் ஒரு குழாயைச் செருகித் தொங்கினார். நட்டு அசையவில்லை. "இது நம்ம கோகுலு மாதிரி. கூப்டா திரும்பிக்கூட பாக்காது."

"அவராவது மாசத்துக்கு ஒருவாட்டி வந்து மூஞ்சியக் காட்டறாரு."

நான்கிலும் மண்ணெண்ணெய் ஊற்றினோம். அது மேலே மினுமினுத்துவிட்டு, போக இடமில்லாமல் தரையில் வழிந்தது. ராஜாங்கம் அண்ணன் சின்னச் சுத்தியால் ஒவ்வொரு நட்டையும் சுற்றிச் சுற்றித் தட்டினார். டிக், டிக், டிக். புறாக்கள் தலையைச் சாய்த்துக் கேட்டன. அன்று மாலை வகுப்பில் லட்சுமிநாராயணன் சாரிடம் கேட்டேன். எண்ணெய், தட்டல், அதற்கும் மசியாவிட்டால் சூடு, பிறகு திருப்பல் என்று வரிசையாகச் சொன்னார். ராஜாங்கம் அண்ணன் சொன்னதும் அதே வரிசைதான். இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னதில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் பூத்தை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன். கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்திருந்தார் ராஜாங்கம் அண்ணன். நெருப்பு வேலை என்பதால் ஒரு பக்கெட் தண்ணீரும் அதில் நனைத்த கோணிச் சாக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். அண்ணி கிணற்றில் இறைத்து இடது கையாலேயே தூக்கி வந்து வைத்தாள். முதலில் கோயில் பக்கம். நல்ல காரியம் அங்கிருந்து தொடங்கட்டும் என்றாள்.

நீலத் தீ நட்டைச் சுற்றி நக்கியது. நட்டு கறுப்பிலிருந்து காவியாக, காவியிலிருந்து மாம்பழச் சிவப்பாக மாறியது. அரையிருட்டில் அது மட்டும் பழுத்துத் தொங்குவது போல இருந்தது. அண்ணி மூக்கை உறிஞ்சினாள்.

"சூள வாசன வருது," என்றாள்.

எங்கள் ஊரில் யாருக்கும் தெரியும் அந்த வாசனை. பச்சை மண்ணில் முதல் சூடு ஏறும்போது வருவது. மூன்று பேரும் ஒரு நிமிடம் அதை முகர்ந்துகொண்டு நின்றோம். எனக்கு நன்றாகக்கூட இருந்தது. சூளைக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த வாசனை எதைச் சொல்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ராஜாங்கம் அண்ணன் தீயை நிறுத்தி ஸ்பேனரை மாட்டி இழுத்தார். நட்டு முன்பு இருந்ததைவிடக் கெட்டியாக இருந்தது. மறுபடி இழுத்தார். அப்போது அந்தச் சத்தம் கேட்டது. தின் என்று ஒரே ஒரு சத்தம், வெண்கலக் கிண்ணத்தை நகத்தால் சுண்டியது போல. காதின் ஓரத்திலிருந்து ஒரு மயிரிழை விரிசல் கிளம்பிக் கால் பக்கமாகப் போயிருந்தது.

வாசலிலிருந்து தனக்கோடியின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"ஒடஞ்சா கால் போயிடும். கால் போனா மிஷினு போயிடும்," என்றார். கேலியாகச் சொல்லவில்லை. "வுட்டுடும்மா. இரும்பு ஒரு தடவ கெட்டியாயிடுச்சுன்னா ஆனதுதான்."

"இன்னும் மூணு நட்டு இருக்குது," என்றாள் அண்ணி.

"இருக்குது. ஆனா நெருப்ப இனிமே நான் காட்டமாட்டேன் தங்கச்சி," என்றார் ராஜாங்கம் அண்ணன். அவர் முகத்தில் வியர்வையும் வெள்ளைத் தூசியும் சேர்ந்து கோடு போட்டிருந்தன. "இன்னொரு காது போச்சுன்னா மொத்தமும் போச்சு."

அண்ணி மிஷினின் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் தினமும் நின்ற இடம் அது. அங்கே தரைகூட இரண்டு பாத அளவுக்குத் தேய்ந்து பளபளப்பாக இருந்தது. அவள் கால்கள் தாமாகவே அந்த இரண்டு பள்ளங்களுக்குள் போய் நின்றிருந்தன. மாலை வண்டியின் ஊதல் கேட்டது. ஷெட் ஓடிய காலத்தில் அந்த வண்டி ஊதினால் வேலை முடிகிற நேரம்.

அப்போது அவள் ஒரு காரியம் செய்தாள். பக்கெட்டிலிருந்து ஈரச்சாக்கை எடுத்து, லேசாகப் பிழிந்து, உதறி, ரயில் பக்கத்து நட்டின் மேல் போட்டு, சுற்றிலும் உள்ளே ஒடுக்கிச் செருகினாள். பொம்மை வேலை செய்கிற எல்லோரும் செய்வதுதான் அது. முடியாமல் நிற்கிற பொம்மையை அப்படியே விட்டால் காய்ந்து வெடித்துவிடும். மிச்சம் வைத்த வேலையை ஈரத்துணி போட்டு மூடாமல் ஒருத்தியும் வீட்டுக்குப் போக மாட்டாள்.

ராஜாங்கம் அண்ணன் பார்த்துவிட்டார். "ஏன் தங்கச்சி, இரும்புக்குத் தண்ணி வுடறியே, வளருமா?"

அண்ணி தன் கையையே பார்த்தாள். "அட ஆமா. கைப் பழக்கம்ண்ணே." எடுக்கப் போனாள், பிறகு எடுக்கவில்லை. "கெடக்கட்டும். இனிமே துரு புடிச்சா என்ன, புடிக்கலன்னா என்ன."

அன்று வகுப்புக்குப் போகவில்லை. சீக்கிரமே தூங்கிப்போனேன். கனவில் பூத்தின் கண்ணாடி அறை முழுக்கப் பால் போலக் கரைத்த மண் நிரம்பியிருந்தது. நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன், மூச்சு முட்டவில்லை. என் மடியிலிருந்து நட்டுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி, மெதுவாகச் சுற்றிக்கொண்டே மேலே போயின. யாரும் திருப்பாமலே சுற்றின. வெளியே திருப்பூர், திருப்பூர் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலையில் பக்கெட்டை எடுத்துவரத்தான் ஷெட்டுக்குப் போனேன். அது பக்கத்து வீட்டுப் பக்கெட். வேறு எண்ணம் எதுவும் இல்லை. சாக்கை உருவி எடுத்தபோது அதன் அடிப்புறம் பால் போல வெள்ளையாக இருந்தது. என் விரலிலும் ஒட்டியது. குனிந்து பார்த்தேன். ரயில் பக்கத்துக் குழிக்குள் மண் கட்டியாக இல்லை. ஊதிப்போய், தயிர் போல, லேசாகப் பிளந்து கிடந்தது. சுண்டுவிரலை வைத்தேன். உள்ளே போனது. வழித்து எடுக்க எடுக்க நட்டின் ஆறு பக்கமும் வெளியே வந்தன.

ராஜாங்கம் அண்ணனின் ஸ்பேனர் அங்கேயே கிடந்தது. மாட்டி இழுத்தேன். ஏதோ நகர்ந்தது போல இருந்தது. நட்டு நகர்ந்ததா, ஸ்பேனர் வழுக்கியதா என்று தெரியவில்லை. செங்கல் துண்டால் நட்டின் முனையிலும் அதற்கு நேராகக் காதின் மேலும் ஒரே கோடு இழுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி இழுத்தேன். கண்ணைத் திறந்தபோது கோடு இரண்டாக இருந்தது.

உட்கார்ந்து அந்த இரண்டு கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே ஒரு புறா சிறகை உதறியது. தூசி மெல்ல இறங்கி என் கையில் படிந்தது. பிறகு பூத்துக்கு ஓடி ராஜாங்கம் அண்ணனின் பட்டறைக்குப் போன் செய்தேன்.

"நகருதுண்ணே."

"எது?"

"ரயில் பக்கத்து நட்டு."

"பாப்பா, காலையில டிபன் சாப்ட்டியா?"

"கோடு போட்டுப் பாத்தேன்ண்ணே. தள்ளிப் போச்சு."

சுத்தியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "கைய வைக்காத. வரேன்," என்றார்.

அண்ணியும் வந்தாள். ராஜாங்கம் அண்ணன் ஸ்பேனரைப் பிடித்தார். நட்டு முனகியது; பிறகு சுற்றியது. மரையின் ஒவ்வொரு பள்ளத்திலிருந்தும் மண் வெள்ளைப் புழுவாக நெளிந்து வந்தது. அவர் நட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தார்.

"வளந்துடுச்சி," என்றார்.

அப்போதுதான் மூவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது என்று நினைக்கிறேன். அண்ணிதான் வாயைத் திறந்தாள். "இத புடிச்சிக்கினு இருந்தது துரு இல்ல. மண்ணு. நேத்து அத நாம சுட்டுட்டோம்."

கோயில் பக்கத்து நட்டை எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அதைச் சுற்றியிருந்த மண் இளஞ்சிவப்பாக, ஓடு போல வெந்திருந்தது. அண்ணி நகத்தால் தட்டினாள். கணீரென்றது. பச்சை மண் தண்ணீரில் கரையும், சுட்ட மண் கரையாது. எங்கள் தெருவில் நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். இரும்பென்று வந்தவுடன் அது எங்களில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

மிச்சம் இரண்டு. இங்கேதான் நானும் அண்ணியும் சண்டை போட்டோம்.

"அண்ணி, கெணத்துப் பக்கத்துக்கு மட்டும் ஈரச்சாக்கு போடுவோம். வாசல் பக்கத்துக்கு மண்ணெண்ணெய் மட்டும். நாளைக்கு எது வருதுன்னு பாத்தா எதனால வந்ததுன்னு தெரிஞ்சிடும். வியாழக்கெழம ஊத்துன மண்ணெண்ணெய்தான் மெதுவா வேல செஞ்சுதோ என்னமோ. தட்டனதுனாலயும் இருக்கலாம்."

அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "உன் பரிட்சைக்கு என் மிஷினா?"

"இல்ல அண்ணி, உறுதியா தெரியணும்ல?"

"எனக்குத் தெரிஞ்சிடுச்சி. உனக்குத் தெரியணும்னா வூட்ல போயி தெரிஞ்சிக்க. ஏண்ணே, இன்னொரு சாக்கு இருக்குதா?"

"என் சட்டையவே கழட்டித் தரேன் தங்கச்சி."

இரண்டுக்கும் ஈரம் போட்டாள். மதியம் போய் ஒரு தடவை நனைத்தாள், மாலையில் ஒரு தடவை. தனக்கோடியின் ஆட்கள் பக்கத்து மூலையில் பழைய அரவை உருளை ஒன்றைச் சம்மட்டியால் உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் பக்மில்லின் உடம்பு லேசாக ரீங்கரித்தது. தனக்கோடி நாற்காலியைக் கொஞ்சம் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு, அண்ணி சாக்குக்குத் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, ஜொரமா அதுக்கு?"

"ஆமாங்க. நாளைக்கு எறங்கிடும்."

நான் வீட்டுக்கு வந்து என் பரிட்சையை வைத்தேன். மூன்று கண்ணாடி டம்ளர். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மண்ணெண்ணெய், ஒன்றில் தேங்காய் எண்ணெய். மூன்றிலும் ஒவ்வொரு காய்ந்த மண் கட்டி. எண்ணெயில் போட்டது இரண்டும் நிறம் மட்டும் மாறி அப்படியே கிடந்தன. தண்ணீரில் போட்டது சிறு சிறு குமிழாக மூச்சு விட்டது. காதை டம்ளர் பக்கத்தில் வைத்தால் மெல்லிய பொரிகிற சத்தம். பிறகு ஓரத்திலிருந்து இதழ் இதழாக அவிழ்ந்து, அவசரமே இல்லாமல் உட்கார்ந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் யாரையும் நெருக்கவில்லை. சும்மா பக்கத்தில் இருந்தது. மண் தானாகவே பிடியை விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிணற்றுப் பக்கமும் வாசல் பக்கமும் ஒரே மாதிரி வந்தன. வாசல் பக்கம் கொஞ்சம் அடம்பிடித்தது. ராஜாங்கம் அண்ணன் அதற்குத் தாலாட்டுப் பாடுவது போல முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி எடுத்தார். கோயில் பக்கம் மட்டும் மிச்சம்.

அதற்கு ஈரம் உதவாது, நெருப்பு கூடாது. ராஜாங்கம் அண்ணன் விரிசலை விரலால் தடவிக்கொண்டே வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணுதான் இருக்குது தங்கச்சி. மேல இருந்து இழுக்கணும். இழுத்தா இந்த விரிசலு ஓடும். காதோட ஓரமா ஓடிச்சுன்னா காது மட்டும் தரையில நின்னுடும், மிஷினு மேல வந்துடும். மேல் பக்கமா ஓடிச்சுன்னா..." விரலை விரிசலிலிருந்து எடுத்தார். "நான் இழுன்னு சொல்லமாட்டேன். நீதான் சொல்லணும்."

அண்ணி என்னைப் பார்த்தாள். "நீ படிக்கறியே, எந்தப் பக்கம் ஓடும்?"

வார்ப்பிரும்பில் விரிசல் எந்தப் பக்கம் ஓடும் என்று என்னிடம் கேட்டால் எனக்கு என்ன தெரியும். ஆனால் கேட்டவள் அண்ணி. குனிந்து பார்த்தேன். காது காலோடு சேருகிற இடத்தில் இரும்பு ஒல்லியாக இருந்தது. அதற்கு மேல் கால் தடித்துப் போனது. விரிசலின் நுனி ஒல்லியான இடத்தைப் பார்த்திருந்தது. எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

"ஒல்லியா இருக்கற பக்கம்தான் ஓடும்னு நெனைக்கறேன் அண்ணி. ஆனா நான் நெனைக்கறது தப்பாவும் இருக்கலாம்."

"தப்பா இருந்தா திருப்பூரு," என்றாள் அவள். "இழுங்கண்ணே."

மூன்று மரக்கால்களை மேலே சேர்த்துக் கட்டி நிறுத்தி, நடுவில் எடை தூக்கும் சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கை மாட்டினோம். கிணற்றுப் பக்கத்து மரக்கால் தரையில் வழுக்கியது. தனக்கோடி எழுந்து வந்து, தன் செருப்புக் காலால் அதற்கு முட்டுக் கொடுத்தார்.

"யோவ், நீ அந்தப் பக்கத்து ஆளுய்யா," என்றார் ராஜாங்கம் அண்ணன்.

"திங்கக்கெழமயிலிருந்து," என்றார் தனக்கோடி.

சங்கிலி ஒவ்வொரு கண்ணியாக இறங்கியது. கறகறவென்று ஒரு சத்தம், பிறகு அமைதி, மறுபடி கறகற. ரயில் பக்கம் ஒரு விரலளவு எழும்பியது. தரைக்கும் காலுக்கும் நடுவில், எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று புகுந்தது. அண்ணி மிஷினைத் தொடவில்லை. தேய்ந்த அந்த இரண்டு பள்ளங்களுக்கு வெளியே, சேலை முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒலிபெருக்கியில் ஏதோ வண்டி ஏதோ நடைமேடைக்கு வந்துகொண்டிருந்தது.

மறுபடி அந்தச் சத்தம். தின்.

மிஷின் ஊஞ்சல் போல ஆடியது. கூரை வெளிச்சம் அதன் முதுகில் ஏறி இறங்கியது. நான் காலைப் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தேன். கோயில் பக்கத்தில், போல்ட்டும் நட்டும் வெந்த மண்ணுமாக, காது மட்டும் தனியாக நின்றது. ஒரு கையளவு. அவ்வளவுதான்.

"கால் முழுசா இருக்குது தங்கச்சி," என்றார் ராஜாங்கம் அண்ணன்.

அண்ணி அழவில்லை. மூக்கை உறிஞ்சிவிட்டு, "இது யாருது?" என்று தரையில் நின்ற காதைக் காட்டினாள்.

தனக்கோடி குனிந்து பார்த்தார். "தரையோட ஒட்டிக்கினு இருக்குது. பேச்சுப்படி என்னுதுதான்," என்றார். பிறகு ஓர் ஆளைக் கூப்பிட்டுச் சம்மட்டியால் ஒரு தட்டுத் தட்டச் சொன்னார். நட்டைச் சுற்றியிருந்த மண் அரை வளையமாக உடைந்து உருண்டது. எடுத்து ஊதி என்னிடம் நீட்டினார். "இது இரும்பு இல்ல. இத வச்சிக்கினு நான் என்ன பண்றது."

இளஞ்சிவப்பு நிறம். உட்புறம் முழுக்க மரையின் வரிகள், சங்கின் உள்பக்கம் போலச் சுற்றிச் சுற்றிப் பதிந்திருந்தன.

அடுத்த வாரம் வீட்டின் பின்புறத்தில் பக்மில்லை நிறுத்தினோம். மூன்று காலுக்குப் போல்ட்டு. காதில்லாத காலுக்கு அடியில் ஒரு வேப்பங்கட்டை வைத்து, தரையோடு சேர்த்து இரும்புப் பட்டை போட்டுக் கொடுத்தார் ராஜாங்கம் அண்ணன். போல்ட்டுகளின் மரை முழுக்க நான் கிரீஸ் தடவி, மண் ஏறாமல் ரப்பர் துண்டு சுற்றினேன். போதுமா என்று இன்னும் தெரியவில்லை. தினமும் காலையில் ஒருமுறை தொட்டுப் பார்க்கிறேன்.

முதல் நாள் மோட்டாரைப் போட்டபோது மிஷின் கொஞ்சம் இருமியது. பிறகு மூக்கிலிருந்து மண் வந்தது. ஈரமாக, வழவழப்பாக, அவசரமில்லாமல். அண்ணி இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். பிசைவதற்கு ஒன்றும் இல்லை. அவள் உருளையைப் பலகையில் வைத்துவிட்டு, வலது கையைத் தோளோடு சேர்த்து வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாதவள் போல நின்றாள். வேலை நேரத்தில் அவள் சும்மா நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. பழகணும்," என்றாள்.

மாலை வண்டி ஊதியது. மூக்கு இன்னும் வைக்காத இரண்டு கிளிகளுக்கும் ஈரத்துணி போட்டாள். பிறகு மிஷினின் வாய்க்கும் ஒன்று போட்டு, ஓரத்தை ஒடுக்கிச் செருகினாள். நான் வகுப்புக்குக் கிளம்பினேன். சன்னலில் என் தண்ணீர் டம்ளர் அப்படியே இருந்தது. அடியில் கரைந்த மண், மேலே தெளிந்த தண்ணீர். அந்த அரை வளையத்தையும் அதற்குள் போட்டு வைத்திருந்தேன். அது கரையாது என்று தெரியும். இருந்தாலும் போகும்போது ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டுப் போனேன்.